24 மணி நேரமும் சுடுநீர், அமைதி

எங்கள் விளம்பரத் தாளில் எட்டு வரிகளுக்குத்தான் இடம் இருந்தது. சொல்ல வேண்டிய வசதிகளோ ஒன்பது. அதனால் கடைசி இரண்டையும் ஒரே வரியில் சேர்த்து, ‘24 மணி நேரமும் சுடுநீர், அமைதி’ என்று எழுதிக் கொடுத்தேன். அச்சகக்காரர் அதைப் படித்துவிட்டு, “ரெண்டும் ஒரே குழாய்ல வருது போல” என்றார். நானும் சிரித்தேன். பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் அந்த வரிதான் காரணம். அதை எழுதியவன் நான்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நியாயம்.

எங்களுக்கு மூன்று குடில்கள். சரிவான நிலத்தில் ஒன்றன் கீழ் ஒன்றாக நிற்கின்றன. மூன்றாவது குடிலுக்குப் பின்னால் குளம். நகரத்து ஆட்கள் வந்து இரண்டு நாள், மூன்று நாள் தங்கிவிட்டுப் போவார்கள். படுக்கை, சமையல், வருகிறவர்களிடம் பேசுவது எல்லாம் அக்காவின் பொறுப்பு. கூரை, குழாய், கொதிகலன் மாமாவின் பொறுப்பு. மாமா என்றால் அக்காவின் கணவர். கடிதம், தொலைபேசி, படிவம் ஆகியவை என் தலையில். எந்நேரமும் கதைப் புத்தகமும் கையுமாக இருப்பவன் படிவத்தையும் ஆசையாகத்தான் படிப்பான் என்று அவர்கள் இருவரும் நம்பினார்கள்.

குடில் நடத்துபவர்கள் வாசலில் கிராமிய ஓய்வக வாரியத்தின் தகரப் பலகையைத் தொங்கவிட வேண்டும். பலகை இல்லாத குடில் சட்டப்படி மாட்டுக் கொட்டகை. மாட்டுக் கொட்டகையில் மனிதர் உறங்கக் கூடாது. விருந்தினருக்கு மட்டுமல்ல, முதல் குடிலின் பின்பக்க அறைகளில் குடியிருக்கும் எங்களுக்கும் அதே சட்டம்தான். பலகை ஒரு முறை கைவிட்டுப் போனால் ஐந்து வருடத்துக்குத் திரும்பக் கேட்க முடியாது. எங்கள் பலகையின் ஆயுள் அந்த மாதக் கடைசியோடு முடிந்தது. அடுத்த நாளே விடுமுறைக் காலம் தொடங்குகிறது. மூன்று குடிலுக்கும் ஆட்கள் சொல்லி வைத்திருந்தார்கள்.

ஆய்வாளர் ஐந்தாம் தேதி வந்தார். அவருடைய மோட்டார் சைக்கிள் சத்தம் அவருக்குக் கால் மணி நேரம் முன்பே வந்துவிட்டது. நல்ல மனிதர். கட்டில்களை எண்ணினார். தலையணைகளைக் குத்திப் பார்த்தார். சுடுநீரில் விரலை விட்டு “ஸ்ஸ்!” என்றார். “சரியா இருக்கு” என்று குறித்துக்கொண்டு விரலை ஊதினார்.

“அடுத்து அமைதி. அது எங்க இருக்கு?”

அக்கா மாமாவைப் பார்த்தாள். மாமா என்னைப் பார்த்தார். நான் குளத்தைப் பார்த்தேன்.

“இங்கதான் சார், சுத்தி” என்றாள் அக்கா.

“சுத்தின்னா எப்படிம்மா? எந்த வேலியில ஆரம்பிச்சு எந்த வேலியில முடியுது?”

“வேலி தாண்டியும் கொஞ்சம் இருக்கும் சார்.”

“வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கறது உங்களுது இல்ல. அத நீங்க விளம்பரம் பண்ணக் கூடாது” என்று கண்டித்துவிட்டு, எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொன்னார். கண்களை மூடிக்கொண்டார். காற்று ஒரு மரத்தை விட்டு அடுத்த மரத்துக்குப் போவது கேட்டது. குளத்தில் ஏதோ ஒன்று எழுந்து மறுபடி அமிழ்ந்தது. ஆய்வாளரின் முகம் மெல்லத் தளர்ந்து, யாரோ ஒருவருடைய சின்னப் பையனின் முகம் போல ஆயிற்று. சட்டென்று கண்களைத் திறந்தார்.

“இருக்கு” என்று எழுதப்போனவர் பேனாவை நிறுத்தினார். “ஆனா இப்ப நான் பேசறேன். இப்ப அது எங்க போச்சு?”

“நீங்க பேசறதாலதான் சார் இல்ல” என்றாள் அக்கா.

“அப்ப இருபத்துநாலு மணி நேரமும் இல்ல.”

“நீங்க கெளம்பினதும் வந்துடும் சார்” என்றார் மாமா பணிவாக.

“நான் போனப்புறம் வர்றதுக்கு நான் எப்படிங்க கையெழுத்துப் போடறது?”

கேள்வியில் நியாயம் இருப்பதாகவே எனக்குத் தோன்றியது. அதுதான் என்னிடம் உள்ள கோளாறு என்று அக்கா சொல்வாள்.

மறுநாள் நான் வாரியத்தின் தலைமை அலுவலகத்துக்குப் போனேன். அந்த ஒரு சொல்லை அடித்துவிட்டால் தீர்ந்தது என்று நினைத்திருந்தேன். உதவி இயக்குநர் அம்மாள் என்னை உட்காரச் சொன்னார். நாற்காலியில் கோப்புகள் உட்கார்ந்திருந்ததால் நின்றேன்.

“தாராளமா எடுத்துடலாம். வசதி நீக்கப் படிவம் இருக்கு. நாலே கேள்விதான். அமைதி என்னிக்கு ஒழிஞ்சது, யார் ஒழிச்சாங்க, மிச்சம் எவ்வளவு, அந்த மிச்சத்த எங்க வெச்சிருக்கீங்க.”

“ஒழியல மேடம், இருக்கு.”

“இருக்கறத எதுக்குத் தம்பி நீக்கறீங்க?”

“அத அளக்க முடியல மேடம்.”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். நான் அவருடைய தாயாரைப் பற்றி ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டது போல இருந்தது அந்தப் பார்வை.

“இந்த வாரியத்தால அளக்க முடியாததுன்னு ஒண்ணு கெடையாது. போன வருஷம் மலைப் பக்கத்துக் குடில்காரர் ஒருத்தர் ‘அழகிய காட்சி’ன்னு போட்டிருந்தாரு. விட்டோமா? ஆறு வாரம் உக்காந்து அளந்தோம். நானூத்திப் பன்னெண்டு சதுர மீட்டர். நடுவுல ஒரு காட்டு மரம் அளக்க விடாம மறைச்சுது. வெட்டினோம். அப்புறம் பாத்தா அந்த மரம்தான் காட்சின்னு சொல்றாரு. மொதல்லயே எழுதியிருக்கணுமா இல்லையா?”

“எழுதியிருக்கணும் மேடம்.”

“நீங்க வெவரமான ஆளு. உங்களுக்காக ஒரு குழுவே அனுப்பறேன்.”

நான் இதை வீட்டில் சொன்னபோது அக்கா படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். பெட்டியைக் கீழே வைக்கவில்லை.

“எத்தனாம் தேதி வர்றாங்க?”

“இருபத்தொம்பது.”

“முடிவு?”

“முப்பது.”

“அதுல ஏதாவது குத்தம் சொல்லிட்டா?”

“ஒண்ணாம் தேதில இருந்து இது கொட்டகைக்கா.”

“கொட்டகைன்னு ஆயிட்டா நாம எங்க போய்ப் படுக்கறது?” என்றார் மாமா. அவர் விளையாட்டாகக் கேட்கவில்லை.

“மாடாப் பொறந்திருந்தா இந்தக் கவலையே இல்ல” என்றாள் அக்கா. அதன் பிறகு வெகு நேரம் இஸ்திரி போட்டாள். ஏற்கெனவே போட்ட விரிப்புகளையே திரும்ப எடுத்துப் போடுகிறாள் என்பதைக் கடைசியில்தான் கவனித்தேன்.

குழு வருவதற்கு முன் ஆயத்தங்கள் வந்தன. முதலில் ஒலிபெருக்கி கட்டிய வேன். அது மூன்று நாள் எங்கள் சாலையில் மேலும் கீழும் போய் வந்தது. “பொதுமக்கள் கவனத்துக்கு! இருபத்தொன்பதாம் தேதி காலை முதல் இப்பகுதியில் அமைதி அளக்கப்படும்! யாரும் சத்தம் போட வேண்டாம்! இருமல் உள்ளவர்கள் முந்தைய நாளே இருமி முடித்துக்கொள்ளவும்!”

அடுத்து ‘ஒலி எழுப்புவோர் பட்டியல்’. சுற்றுவட்டாரத்தில் சத்தம் போடும் ஒவ்வொருவரிடமும் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்து வாங்க வேண்டும். ஆய்வாளரும் நானும் கிளம்பினோம். பக்கத்து நிலத்துப் பால்கார அம்மாவின் மாட்டுக்குக் கழுத்தில் மணி உண்டு.

“மணிய ஒரு நாள் கழட்டி வைங்கம்மா” என்றார் ஆய்வாளர்.

“கழட்டலாம். அப்புறம் மாடு எங்க போச்சுன்னு நான் கத்தணும். எது ஒங்களுக்குப் பரவால்ல?”

ஆய்வாளர் யோசித்தார். “எங்க நின்னு கத்துவீங்க?”

“மாடு போற பக்கமெல்லாம் நின்னு கத்துவேன். அதுக்கு ஒரு படிவம் குடுத்தீங்கன்னா மாட்டுகிட்டயே எழுதி வாங்கிடறேன், இன்னிக்கு எந்தப் பக்கம்னு.”

ஆய்வாளர் அதையும் குறித்துக்கொண்டார். அடுத்துக் குளத்துக்கு வந்தோம். அங்கே தவளைகள் இருந்தன.

“மொத்தம் எத்தனை?”

“எண்ணினதில்ல சார்.”

“கையெழுத்து யார் போடறது?”

நான் தவளைகளைப் பார்த்தேன். அவை எங்களைப் பார்க்கவில்லை. கடைசியில் ‘காப்பாளர்’ என்ற இடத்தில் நானே கையெழுத்திட்டேன். தவளைகளின் நடத்தைக்கு நானே முழுப் பொறுப்பு என்று அதன் கீழே அச்சடித்திருந்தது. அன்றிலிருந்து குளத்துப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு ஒரு தகப்பனின் கவலை ஏற்பட்டது.

இருபத்தொன்பதாம் தேதி காலை ஆறு வண்டிகள் வந்தன. ஒரு லாரியில் ஜெனரேட்டர். அதிலிருந்து வயர் இழுத்து மேசைமேல் அமைதி மீட்டரை வைத்தார்கள். மீட்டரின் பக்கத்தில் ஒரு சங்கு. ஒவ்வொரு மணி நேரம் முடியும்போதும் அது அரை நிமிடம் ஊதும். அந்த மணி நேரத்து அமைதி எடுத்தாகிவிட்டது என்று எல்லோருக்கும் தெரிய வேண்டாமா?

தொடங்கிவைக்க இயக்குநரே வந்திருந்தார். அவருக்காகக் குளக்கரையில் மேடை, மைக், நான்கு பக்கமும் ஒலிபெருக்கி. மைக் முதலில் கீச்சென்று கத்தியது. பிறகு இயக்குநர் பேசினார்.

“அன்பார்ந்த மக்களே! அமைதி என்பது என்ன? சும்மா இருந்தால் வந்துவிடும் என்றுதான் பலரும் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். நான் பதவியேற்ற அன்று கேட்டேன், நம் வாரியத்தில் அமைதிக்காக எத்தனை பேர் உழைக்கிறார்கள் என்று. ஒருவர்கூட இல்லை என்றார்கள். வெட்கப்பட்டேன்! இன்று நாற்பத்திரண்டு பேர் உழைக்கிறார்கள். அவர்களுக்கென்று நான்கு மாடிக் கட்டடம் இருக்கிறது. அங்கே ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது, அவ்வளவு சுறுசுறுப்பு! இந்த இடத்தில் முன்பும் அமைதி இருந்தது என்று இந்தக் குடும்பத்தார் சொல்கிறார்கள். நான் மறுக்கவில்லை. இருந்திருக்கலாம். ஆனால் அது அனுமதி பெறாத அமைதி. யாரும் பொறுப்பேற்காத அமைதி. யார் வேண்டுமானாலும் வந்து உட்கார்ந்து, கேட்டுவிட்டு, ஒரு விண்ணப்பம்கூடக் கொடுக்காமல் எழுந்து போகக்கூடிய அமைதி! அந்த அவல நிலைக்கு இன்றோடு முற்றுப்புள்ளி வைக்கிறேன்!”

எல்லோரும் கை தட்டினார்கள். தவளைகள் ஒரு சத்தமும் போடவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது.

சங்கு ஊதியது. இயக்குநர் போனார், வண்டிகள் போயின. நாளைக் காலை பத்து மணிக்குச் சோதனை முடியும், மாலை ஐந்து மணிக்கு மேலிடம் வந்து முடிவு சொல்லும் என்றார்கள். ஜெனரேட்டரும் மீட்டரும் மீட்டர்காரரும் மட்டும் மிஞ்சினார்கள். மீட்டர்காரர் ஐம்பதைத் தாண்டியவர். கண்ணுக்குக் கீழே கருவளையம். ஜெனரேட்டர் சத்தத்தில் எதற்கும் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

“எவ்வளவு சார் காட்டுது?” என்று அக்கா கத்தினாள்.

“தொண்ணூத்தி ரெண்டு!”

“எவ்வளவு காட்டணும்?”

“முப்பதுக்குக் கீழ!”

“அது ஒங்க ஜெனரேட்டர் சத்தம் சார்!”

“எனக்குத் தெரியும்மா! மீட்டருக்குத் தெரியாதே!”

இரவு முழுக்க அப்படியே போயிற்று. மறுநாள் காலை பத்து மணிக்குக் கடைசிச் சங்கு ஊதியபோது, இருபத்துநான்கு மணி நேரத்துச் சராசரி தொண்ணூற்றொன்று. மீட்டர்காரர் அதை எங்களிடம் சொல்லாமல் மீட்டரை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். மாலை வரை இயந்திரத்தை அணைக்கக் கூடாது, கணக்கெல்லாம் அதன் வயிற்றுக்குள் இருக்கிறது, ஐந்து மணிக்கு மேலிடத்தின் முன்னால்தான் தாளில் அச்சடிக்க வேண்டும் என்றார். மாமா ஏணியை எடுத்துவந்து, வாசலில் தொங்கிய பழைய பலகையைத் தானே கழற்றினார். வேறு யாரோ வந்து கழற்றுவதைப் பார்க்க அவருக்கு மனமில்லை. பலகை இருந்த இடத்தில் சுவர் மட்டும் வேறு நிறமாக இருந்தது.

அக்கா சமையலறைக்குள் போனாள். அழுகிறாளோ என்று பின்னாலேயே போனேன். சோறு வடித்துக்கொண்டிருந்தாள்.

“யாருக்குக்கா?”

“அந்த மனுஷன் நேத்துல இருந்து வெறும் பிஸ்கட்டத் தின்னுட்டு உக்காந்திருக்கான்டா. கண்ணப் பாத்தியா?”

மீட்டர்காரர் இரண்டாவது குடிலில் உட்கார்ந்து சாப்பிட்டார். அக்கா பரிமாறிக்கொண்டே இருந்தாள். மூன்று தடவை போதும் என்றார், நான்காவது தடவை சொல்லவில்லை. “எட்டு வருஷமாம்மா, இந்த ஜெனரேட்டரோடதான் குடித்தனம். வீட்டுக்குப் போனாலும் காதுக்குள்ள ஓடிட்டே இருக்கும். சம்சாரம் ஏதாவது சொன்னா தலைய மட்டும் ஆட்டுவேன்” என்றார். கை கழுவிவிட்டுக் கட்டிலைப் பார்த்தார். இரண்டு முறை இஸ்திரி போட்ட விரிப்பு அதில் விரித்திருந்தது. “ஒரு பத்து நிமிஷம் தலைய சாச்சுக்கட்டுமா?” அக்கா ஜன்னல் திரையை நன்றாக இழுத்து விட்டாள்.

படுக்கப் போகுமுன் விளக்கு, விசிறி எல்லாவற்றையும் அணைப்பது அவருடைய வழக்கம். அந்த வழக்கத்தில் வெளியே வந்து ஜெனரேட்டரையும் அணைத்துவிட்டு, உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

ஜெனரேட்டர் ஒரு முறை உதறி நின்றது. நாங்கள் மூவரும் படிக்கட்டில் இருந்தோம். முதலில் காது அடைத்துக்கொண்டது போல இருந்தது. பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. இலைகள் வந்தன. தூரத்தில் மாட்டு மணி வந்தது. மாமாவின் மூச்சு, அக்கா முந்தானையில் கை துடைப்பது, இரண்டாவது குடிலிலிருந்து சீரான குறட்டை. கடைசியாக, மெதுவாக, அனுமதி கேட்பது போல ஒரு தவளை.

“அவர எழுப்பணுமா?” என்று மாமா தாழ்ந்த குரலில் கேட்டார். “கணக்கெல்லாம் அழிஞ்சுடும்னாரே.”

“தூங்கறவங்கள எழுப்பறதுக்கா நாம குடில் நடத்தறோம்?” என்றாள் அக்கா.

ஐந்து மணிக்கு ஜீப் சத்தம் கேட்டு மீட்டர்காரர் அலறிப் புடைத்துக்கொண்டு எழுந்தார். தலைமுடி ஒரு பக்கமாக நின்றது. ஓடிப்போய் ஜெனரேட்டரை இயக்கினார், மீட்டரைத் தட்டினார். மின்சாரம் போய் வந்ததில் இயந்திரம் பழையதையெல்லாம் மறந்துவிட்டிருந்தது. தாள் வெளியே வந்தது. இருபத்துநான்கு மணி நேரத்துக்கும் ஒரே கோடு. கோட்டின் ஓரத்தில் பூஜ்ஜியம்.

இயக்குநர், உதவி இயக்குநர், ஆய்வாளர் மூவரும் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார்கள்.

“மேடம், அது வந்து, ஜெனரேட்டர...” என்று ஆரம்பித்தார் மீட்டர்காரர்.

“பேசாதீங்க!” என்று உதவி இயக்குநர் கிசுகிசுத்தார். “பூஜ்ஜியம் கெட்டுடும்.”

இயக்குநர் ஜெனரேட்டரை நிறுத்தச் சொல்லி விரலால் காட்டினார். கண்கள் கலங்கியிருந்தன. “பூஜ்ஜியம்” என்றார் மெதுவாக. “மூச்சு விடற சத்தம்கூட இல்ல. எங்கயுமே இப்படி ஒண்ணு கெடச்சதில்ல. என்னோட பதவிக் காலத்துல!” அங்கேயே, ஜீப்பின் பின்பக்கத்தில் வைத்து, புதிய பலகையில் எண்ணைப் பொறித்தார்கள். ‘அமைதி: 0’. மாமா ஏணிமேல் ஏறி அதை மாட்டினார். சுவரின் நிறம் மறைந்தது. அக்கா அப்போதுதான் உட்கார்ந்தாள்.

ஆய்வாளர் மட்டும் விதிப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

“ஒரு சிக்கல் இருக்கும்மா” என்றார், ஏறக்குறைய வாயசைவில். “பலகையில பொறிச்ச தரத்துல இருந்து எதுவும் கொறையக் கூடாது. நாளைக்கு விருந்தாளிங்க வர்றாங்கல்ல? வரட்டும், தங்கட்டும். ஆனா மூச்சு விடக் கூடாது.”

“எவ்வளவு நேரம் சார்?”

“இருபத்துநாலு மணி நேரமும்.”

அக்கா எழுந்தாள். அவள் கோபமாகப் பேசுவாள் என்று நினைத்தேன். விருந்தாளியிடம் பேசுகிற குரலில் பேசினாள்.

“சரிங்க சார். அவங்க மூச்சு விட்டாங்கன்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்?”

“நாங்க வந்து அளப்போம்.”

“எதுல வருவீங்க?”

“வண்டியிலதான்.”

“வந்தா இந்தப் பூஜ்ஜியம் என்ன சார் ஆகும்?”

ஆய்வாளர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். சத்தம் வந்துவிடுமே என்று மூடிக்கொண்டார். மூன்று அதிகாரிகளும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இயக்குநரின் முகத்தில் முதலில் திகில் தெரிந்தது, பிறகு கடமை உணர்ச்சி. தாம் செருப்புப் போட்டு நிற்பது நினைவுக்கு வந்து, அதைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். மற்றவர்களும் கழற்றினார்கள். ஜீப்பின் எஞ்சினைப் போடாமல் எல்லோருமாகச் சேர்ந்து சாலை வரை தள்ளிக்கொண்டு போனார்கள். தள்ளும்போது யாரும் முக்கவில்லை.

உத்தரவு மறுநாள் காலைத் தபாலில் வந்தது. வாரியத்தைச் சேர்ந்த எவரும், எக்காரணம் கொண்டும், எங்கள் குடிலைச் சுற்றி ஐந்து கிலோமீட்டருக்குள் வரக் கூடாது. தொலைபேசியில் அழைக்கவும் கூடாது. வருடாந்தர ஆய்வுக்குப் பதிலாக ‘எல்லாம் உள்ளபடியே உள்ளது’ என்று நாங்களே ஒரு கார்டில் எழுதிப் போட்டால் போதும்.

பத்து மணிக்குள் மூன்று குடிலும் நிறைந்துவிட்டன. ஒரு குடும்பத்தில் நாலு பிள்ளைகள். நாலும் கட்டிலில் ஏறிக் குதித்தன. இன்னொரு குடிலில் புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் எதற்கோ பெரிய குரலில் சண்டை போட்டு, அதைவிடப் பெரிய குரலில் சமாதானமானார்கள். மாமா கொதிகலனைத் தட்டிக்கொண்டிருந்தார். அக்கா சமையலறையிலிருந்து எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

விஷயம் எப்படியோ பரவிவிட்டது. சாயங்காலத்துக்குள் சுற்றுவட்டாரக் குடில்காரர்கள் பதினொரு பேர் எங்கள் வாசலில் கூடிவிட்டார்கள். ஆளுக்கொரு விளம்பரத் தாள் கையில். அதில் ‘அமைதி’ என்று சேர்த்து அச்சடிக்க எவ்வளவு பெரிய எழுத்துப் போடலாம் என்று என்னிடம் கேட்டார்கள். மரத்தைப் பறிகொடுத்த மலைப் பக்கத்துக் குடில்காரர்தான் எல்லோரையும் விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

“எப்படிம்மா பூஜ்ஜியம் வாங்கினீங்க? மொதல்ல யாரப் பாக்கணும்?”

அக்கா கையிலிருந்த கரண்டியைத் துடைத்தாள்.

“யாரையும் பாக்க வேணாம்ணே. மீட்டர்காரருக்கு வயிறாரச் சோறு போடுங்க. ஜன்னல் திரைய நல்லா இழுத்து விடுங்க.”